ஊஞ்சல் இல்லாத பூங்கா

இந்த நகரமைப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். மனை பிரித்து விற்பவர் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கு விடவேண்டும் என்று விதி இருக்கிறது அல்லவா? அந்த ஒரு பங்கு எங்கே இருக்கும் என்று வரைபடத்தைப் பார்க்காமலேயே என்னால் சொல்ல முடியும். பாறை இருக்கிற இடத்தில் இருக்கும். பாறை இல்லாவிட்டால் பள்ளத்தில் இருக்கும். இரண்டும் இல்லாத ஊரில், தலைக்கு மேலே மின்கம்பி போகிற இடத்தில் இருக்கும். ஒருமுறை ஒருவர் எனக்குப் பாழுங்கிணறு ஒன்றைக் காட்டி, "தண்ணி நெறஞ்சா நீச்சக்குளமாட்ட வெச்சுக்கலாமுங்க" என்றார். அவர் சிரிக்காமல் சொன்னார், நான்தான் சிரித்துத் தொலைத்தேன். என் சர்வீஸில் பாதி, மீந்துபோனதைப் பூங்கா என்று தள்ளிவிடாதீர்கள் என்று சண்டை போட்டதிலேயே போயிற்று.

ஏற்காட்டில் மட்டும் ஒருவர் இருப்பதிலேயே நல்ல இடத்தைப் பூங்காவுக்குக் கொடுத்தார். இன்றுவரை நான் மறக்காத இடம் ஒன்று உண்டு என்றால், அது அந்த இடம்தான்.

எண்பதுகளில் நடந்தது. சேலத்தில் எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். மலைக்கு என்னை அனுப்பியது என் திறமையைப் பார்த்து என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் போய்வர எங்கள் ஆபீஸ் ஆண்கள் யாருக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. ஆனால் நான் புதிது, வாயைத் திறக்க முடியாது. திறந்தால் காலையில் சாப்பிட்டதும் சேர்ந்து வரும் என்பது இன்னொரு காரணம்.

நாகலூர் போகும் வழியில் ஒரு பழைய காபி எஸ்டேட். சேலத்தில் ஜவ்வரிசி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி அதை வாங்கி, பங்களா கட்டுகிறவர்களுக்கு மனைகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார். காபிச் செடிகள் பாதிக்குமேல் போய்விட்டன. மிச்சமிருந்த செடிகளில் அந்த வருடத்துப் பழம் பறித்து முடித்ததும் எஸ்டேட்டை மூடுவதாக ஏற்பாடு. லைன் வீடுகளில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில், இருந்த குடும்பங்கள் அதன் பிறகு பக்கத்து ஊர்களான மஞ்சக்குட்டைக்கும் வாழவந்திக்கும் போய்ப் பிழைப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் கிறிஸ்தவக் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தும் ஒரு பிடி மண் அவர்கள் பெயரில் கிடையாது.

முதலாளி நல்ல மனிதர், வியாபாரத்தில் கெட்டி. உள்ளே நுழைந்தவுடன் இருந்த சமதளமான புல்வெளியை அப்படியே பூங்காவுக்கு ஒதுக்கியிருந்தார். மலையில் சமதளம் என்றால் தங்கம். மூன்று பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், ஒரு பக்கம் பள்ளத்தாக்கு, வானம் தெளிந்தால் கீழே சேலம் தெரியும். நான் நம்பாமல் அவரைப் பார்த்தேன்.

"ஜவுளிக்கடையில கண்ணாடி அலமாரிய முன்னாடி வெக்கறாங்க இல்லீங்களா அம்மணி, அந்த மாதிரிங்க" என்றார். "பிளாட்டுப் பாக்க வர்றவங்க மொதல்ல பூங்காவப் பாக்கோணும். ஊஞ்சலு, சறுக்கு எல்லாம் கண்ணுல படோணும். அப்பறம் வெலையப் பத்திப் பேசமாட்டாங்க."

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எஸ்டேட்டிலேயே நல்ல நிலம் இது. சரிவில் எல்லாம் கஷ்டப்பட்டுச் செடி வைத்தவர்கள் இதில் ஏன் ஒரு காபிச் செடிகூட வைக்கவில்லை? பழைய பத்திரங்களில் 'புல்தரை' என்று மட்டும் இருந்தது. கேட்டதற்கு முதலாளி, "வெள்ளக்காரத் தொரை பந்து வெளையாடியிருப்பாருங்க" என்று முடித்துவிட்டார்.

இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வரவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மோசமான நிலம் காலியாகக் கிடந்தால் அதில் அதிசயம் இல்லை. நல்ல நிலம் காலியாகக் கிடந்தால், யாரோ அதைக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நவம்பர் தொடக்கம். நான் போன அன்று பூங்கா வேலை ஆரம்பிக்கும் நிலையில் இருந்தது. ஊஞ்சலுக்கும் சறுக்குக்கும் தூண் நட வேண்டிய இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் வட்டம் போட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் குழி தோண்டி கான்கிரீட் போடுவார்கள். நான் இடங்களைச் சரிபார்த்துத் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். முதலாளி சிமெண்டு ஏற்றிவர ஜீப்பில் டவுனுக்குப் போனார். "இப்ப வந்தர்றனுங்க" என்று போனவர் வரவில்லை. பனிமூட்டம் இறங்கிவிட்டது. புல்வெளியை ஒட்டி, காபி காயவைக்கும் களத்து ஓரத்தில் குடையோடு உட்கார்ந்து, இந்த வேலைக்கு வந்த என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்கிய நேரம். லைன் வீடுகள் பக்கமிருந்து பெண்கள் வந்தார்கள். நல்ல புடவை, தலையில் பூ, கையில் கொட்டாங்குச்சி. ஆண்கள் யாரும் இல்லை. பேச்சும் இல்லை. என்னைத் தாண்டிப் புல்வெளிக்குள் போனார்கள். ஒருத்தி குனிந்தாள். பனிக்குள் ஒரு சுடர் தெரிந்தது. கொட்டாங்குச்சிக்குள் மெழுகுவர்த்தித் துண்டை நிறுத்தி, காற்று வராத பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தாள். அடுத்து ஒன்று. அதற்கப்பால் இன்னொன்று. அன்று இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் கல்லறைத் திருநாள் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஊர்க் கல்லறை இருப்பது டவுனில், கிறிஸ்தவக் கோவிலுக்குப் பக்கத்தில். இங்கே ஒரு சிலுவை கிடையாது, ஒரு கல் கிடையாது.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒருத்திகூடத் தேடவில்லை. பனியில் காலடி நிலம்கூடச் சரியாகத் தெரியவில்லை, எல்லாப் பக்கமும் ஒரே புல். இருந்தும் ஒவ்வொருத்தியும் நேராகப் போனாள், ஒரு இடத்தில் நின்றாள், குனிந்தாள். சிலர் ஓர் இடத்தில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி மறுபடி குனிந்தார்கள். சற்று நேரத்தில் அந்தப் புல்வெளி முழுவதும், ஓரத்து மரங்கள் வரைக்கும், வெளிச்சப் புள்ளிகள். காலி என்று வரைபடத்தில் நான் பார்த்து வந்த இடம் முழுக்க ஆள் இருந்தது.

எனக்குப் பயம் இல்லை. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பெரிய கோபுரங்கள், அணைகள் பார்த்திருக்கிறேன். ஒரு இடத்தின் முன்னால் என் தலை தானாகக் குனிந்தது அந்த மாலையில்தான்.

எனக்கு மிக அருகில் வந்த ஒருத்தி சுண்ணாம்பு வட்டத்தைப் பார்த்து நின்றாள். காலால் அழிக்கவில்லை. வட்டத்துக்கு நடுவிலேயே கொட்டாங்குச்சியை வைத்து ஏற்றினாள். பிறகுதான் என்னைக் கவனித்தாள். பெயர் ஆரோக்கியம் என்று பின்னால் தெரிந்தது. காபிப்பழம் பறிக்கிறவள். கைப்பையும் குடையும் வைத்திருக்கிற பெண் அந்தப் பக்கத்தில் டீச்சராகத்தான் இருக்கமுடியும் என்பதால் என்னையும் டீச்சராக்கிவிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், இது எதுக்குங்க வட்டம் போட்டிருக்குது?"

ஊஞ்சலுக்குத் தூண் நட என்றேன்.

"தோண்டுவாங்களா?"

"ஆமாம்மா. நாளைக்குக் காலையில்."

அவள் கொட்டாங்குச்சியைக் காற்றுக்கு மறைவாகத் திருப்பி வைத்தாள். "பெரியவங்கெல்லாம் கோவில் கல்லறையில இருக்காங்க. மத்தியானமே போயிப் பூப் போட்டுட்டு வந்துட்டோம். இதுங்க ஞானஸ்நானம் குடுக்கறதுக்கு மின்ன போனதுங்க" என்றாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறந்த அன்றும் மறுநாளும் போன குழந்தைகள். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கோவில் கல்லறையில் இடம் தராதது அந்தக் காலத்து வழக்கம். சிலுவை நடுவதில்லை, பெயரே வைக்காததால் எழுதவும் ஒன்றுமில்லை. லைன் வீட்டுப் பெண்கள் தங்கள் குழந்தைகளை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

"எங்கம்மா எனக்கு மின்ன பெத்த ரெண்டும் அந்த மரத்துக்கு அந்தாண்ட. இது என்னுது" என்றாள் ஆரோக்கியம். "எஸ்டேட்டுக் கணக்கு எழுதற ரைட்டருங்க எத்தன பேரு மாறுனாங்க. ஒருத்தருகூட இங்க செடி வெக்கச் சொல்லலீங்க."

ஆக, எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எந்தப் பத்திரத்துக்கும் தெரியவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். நான் கண்டதைக் கண்டபடி 'அடக்கம் செய்த இடம்' என்று ஆபீஸில் எழுதினால், விதிப்படி அது பூங்காவாகக் கணக்கில் வராது. பக்கத்தில் வீடு கட்டவும் விடமாட்டார்கள். முதலாளியின் திட்டம் கவிழும். கவிழ்ந்தால் நிலம் அவருடையதாகவே இருக்கும். கேட்டைப் பூட்டிவிட்டு இந்தப் பெண்களை உள்ளே விடாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பூங்கா என்றே இருந்தால், அது பஞ்சாயத்துக்குத் தானமாகப் பத்திரம் ஆகிவிடும். அப்புறம் முதலாளியே நினைத்தாலும் விற்க முடியாது, கட்ட முடியாது. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றக்கூடிய ஒரே வார்த்தை 'விளையாட்டுத் திடல்' என்பதுதான். தாய்மார்களின் முகத்தைப் பார்த்து அதை எப்படிச் சொல்வது?

சொன்னேன். எதையும் மறைக்காமல் இரண்டு வழியையும் சொன்னேன். ஆரோக்கியம் மற்ற பெண்களிடம் போனாள். பனிக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். யாரோ அழுவது கேட்டது. திட்டுவார்கள் என்று தயாராக நின்றேன்.

திரும்பி வந்தவள் கேட்டாள். "புள்ளைங்க வந்து வெளையாடற எடமுங்களா டீச்சர்?"

"ஆமாம்."

"அப்ப அப்படியே இருக்கட்டுங்க. எங்களுதுங்க ஒரு நாளுகூட வெளையாடலீங்க. மேல நாலு புள்ளைங்க ஓடியாடுனா அதுங்களுக்கும் சத்தம் கேக்குமில்லீங்க? தோண்ட மட்டும் வேண்டாம்னு சொல்லுங்க. வருசத்துக்கு ஒருக்கா எங்கள உள்ள உட்டாப் போதும்."

சரி என்று தலையாட்டினேன்.

மறுநாள் விடிந்ததும் மறுபடி அங்கே போய்விட்டேன். கடப்பாரையோடு ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். முதலாளி தெர்மாஸில் காபி கொண்டுவந்திருந்தார். வேலையை நிறுத்தச் சொன்னேன். அவரைத் தனியே அழைத்து, இது கல்லறை, நேற்று விளக்கு வைத்தார்கள், பார்த்தேன் என்றேன்.

"மெதுவாப் பேசுங்க அம்மணி" என்றார் முதலில். சுற்றிப் பார்த்துக்கொண்டார். அவர் மனதில் கணக்கு ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. "கல்லறைக்குப் பக்கத்துல எவனுங்க ஊடு கட்டுவான்? ஒண்ணு பண்ணலாமுங்க. பூங்காவக் கீழ அந்தச் சரிவுக்குத் தள்ளிடலாம். இத பிளாட்டாப் பிரிச்சு பேஸ்மட்டம் போட்டுட்டா யாருக்குந் தெரியப்போறதில்லீங்க."

நான் பயந்ததைவிட மோசமாக வந்தது. அவர் சொன்னதில் விதிமீறல் ஒன்றும் இல்லை என்பதுதான் கொடுமை. சரிவு என்றாலும் பத்தில் ஒரு பங்கு சரியாக இருந்தால் என் மேலதிகாரிகள் ஏற்றுக்கொள்வார்கள். ஆட்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்க்கிறார்கள். அவர் வயதில் மூத்தவர், பணக்காரர், எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்தவர். நான் தனி ஆள். சட்டம் பேசினால் தோற்பேன், சத்தம் போட்டால் அதைவிடச் சீக்கிரம் தோற்பேன் என்று தெரிந்தது. அந்த ஆளுக்கு வியாபாரம் மட்டும்தான் தெரியும் என்று முடிவு கட்டிவிடவும் மனம் வரவில்லை.

"சரிங்க. ஒருதடவை நடந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

நடந்தோம். புல்லில் பனி. கொட்டாங்குச்சிகள் அப்படியே இருந்தன, மெழுகு உருகி உறைந்திருந்தது. அவர் முதலில் வேகமாக நடந்தார். பிறகு பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். பிறகு நின்றுவிட்டார்.

"நொம்ப நெருக்கமா இருக்குதுங்களே" என்றார். ஒரு கொட்டாங்குச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் கண்ணாலேயே அளந்தார். "ஒரு ஆளு படுக்கற எடம் இல்லீங்களே அம்மணி."

"ஆமாங்க."

"கொழந்தைங்களா?"

தலையசைத்தேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அந்தக் குளிரில் வெறுங்காலோடு அப்படியே நின்றார்.

"எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதுங்க" என்றார். "மூத்தது. தோட்டத்துல, கெணத்து மேட்டுக்குப் பக்கத்துல. எங்கூட்டுக்காரி அந்தப் பக்கம் இன்னிக்கும் மாடு கட்ட உடமாட்டா."

அப்புறம் மேஸ்திரியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "கடப்பாரையெல்லாம் வண்டியில ஏத்துங்க. இங்க வேல இல்ல." திரும்பி என்னிடம், "காயிதத்துல எப்படிங்க எழுதுவீங்க?" என்று கேட்டார்.

நான் எழுதியது இதுதான். விளையாட்டுத் திடல். நிலத்தைத் தோண்டவோ, எதையும் நடவோ, கட்டவோ கூடாது. சுற்றுவட்டாரப் பெண்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடும் வழக்கமுள்ள இடம் ஆதலால், அந்த வழக்கத்துக்குத் தடை செய்யக் கூடாது. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "பெண்கள் கூடுகிற இடமா? என்ன, கும்மி அடிப்பார்களா?" என்றார். "இல்லை சார், அமைதியாகத்தான் கூடுவார்கள்" என்றேன். பெண்கள் அமைதியாகக் கூடுவார்களா என்ற ஆச்சரியத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விதியை வளைத்தேன் என்று உங்களில் யாராவது என்னோடு வாதாடலாம். வாருங்கள், எனக்கு ஓய்வுக்காலம், நேரம் நிறைய இருக்கிறது. பூங்காவுக்கு இடம் விட வேண்டும் என்று விதி எழுதியவர்கள் எதற்காக எழுதினார்கள்? ஊரில் ஒரு துண்டு நிலமாவது விலைக்கு வராமல் இருக்கவேண்டும் என்பதற்காகத்தானே? அந்தத் துண்டு நிலம் அந்தக் காரியத்தைச் செய்கிறது. நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். ஒரு இடத்தை முடிவு செய்யும் முன், மனை விற்பவர் பக்கத்தில் இல்லாத ஒரு நேரத்தில், அங்கே போய் உட்காருங்கள். பொழுது சாயும்வரை உட்காருங்கள். யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

மனைகள் விற்றுப்போயின. பங்களாக்காரர்கள் அதற்கு 'ஒண்ணுமில்லாத பார்க்' என்று பெயர் வைத்தார்கள். ஊஞ்சல் இல்லை, பெஞ்சு இல்லை, நீரூற்று இல்லை, காசை எல்லாம் முதலாளி சுருட்டிவிட்டார் என்று பேச்சு. அவர் காதிலும் விழுந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு மாற்றல் வந்தது. சேலத்தை விட்டுப் போகுமுன் ஒரு கல்லறைத் திருநாள் அன்று மலைக்கு ஏறினேன். வயிறு வழக்கம்போலச் சண்டை போட்டது. மாலையில் அந்தப் புல்வெளியில் பங்களாக் குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மஞ்சக்குட்டையிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் ஜீப்பிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கிய பெண்கள், கொட்டாங்குச்சிகளோடு ஓரத்தில் நின்றிருந்தார்கள். ஆரோக்கியத்துக்குத் தலை நரைத்துவிட்டது. "டீச்சர், நல்லாருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் டீச்சர் இல்லை என்று சொல்ல அன்றும் மறந்துபோனேன்.

இவர்களைப் பார்த்ததும் வாட்ச்மேன் குழந்தைகளை வெளியே அனுப்ப விசிலை எடுத்தார். ஆரோக்கியம் கையைக் காட்டித் தடுத்தாள்.

"உடுங்க. ஆடி முடிக்கட்டும்."

பெண்கள் எல்லோரும் சில்வர் ஓக் மரங்களின் அடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொட்டாங்குச்சிகள் மடியில் இருந்தன. பந்து இந்தப் பக்கம் வந்தால் பொறுக்கி எறிந்தார்கள். ஒரு சின்னப் பெண் தடுக்கி விழுந்தபோது, அத்தனை பேரும் பதறிப் பாதி எழுந்தார்கள். அவள் தானாக எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு ஓடியதும் மறுபடி உட்கார்ந்தார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் அவசரப்படவில்லை.

அந்த வருடம் விளக்கேற்றக் கொஞ்சம் நேரமாயிற்று.